காற்றைவிட லேசான தாமசின்

எல்லாப் புல்லும் ஒரே ருசி என்று ஊரில் நினைக்கிறார்கள், நீதிபதி ஐயா. அப்படி இல்லை. ஓடைக்கரைப் புல் இனிக்கும். கல்லறைத் தோட்டத்துப் புல் லேசாக உப்புக் கரிக்கும்.

நான் தொப்பி செய்து விற்றவன். உள்நாட்டுப் போரில் மன்னர் படையும் பாராளுமன்றப் படையும் மோதியபோது ஒரு வாள் என் மண்டையைப் பிளந்தது. தைத்தார்கள். அதன்பிறகு எதைப் பார்த்தாலும் சிரிப்பு வந்தது. கடையை விட்டுவிட்டு ஹியர்ஃபோர்டு நகருக்கு மேற்கே ஒரு குகையில் குடியேறினேன். இறைச்சி, பீர், ரொட்டி எதுவும் கிடையாது. சுக்கான்கீரையும் தவிட்டுக் கஞ்சியும்தான். சில நாளில் பசி ஓடிவிடும். பிறகு கால் தரையில் பாவாது. மரம், மாடு, பாதிரியார் எல்லாரும் மெதுவாகச் சுற்றி ஆடுவார்கள். இதுதான் சொர்க்கம் என்று சொன்னேன். ஊரே பார்க்க வந்தது. என் விரதத்தைச் சோதிக்கக் குகை வாசலில் சூடான கறி அப்பங்களை வைத்துவிட்டுப் போனார்கள்.

கசாப்புக்கடைக்காரன் ஜோப் லக்கின் மனைவி, தாமசின் என்பவள், ஓயாத தலைவலியோடு வந்தாள். என் கீரையில் அது போயிற்று. குகையிலேயே தங்கினாள். ஒரு வாரத்தில் கைகளை விரித்துச் சுற்றிச் சுற்றிச் சிரித்தாள். நானும் கூடச் சுற்றினேன்.

ஜோப் வந்து கத்தினான். "யோவ் புல்லுதின்னி! எம் பொண்டாட்டிய என்னய்யா பண்ணி வச்சிருக்க? குச்சியாட்டம் இருக்கா!"

தாமசின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "போய்யா. உம்மேல கொழுப்பு நாத்தம். நான் பறக்கப் போறேன்."

"பற, பற. காக்கா கொத்திக்கிட்டுப் போவும்," என்றவன், அழுதுகொண்டே போனான்.

பிறகு ஒரு நாள் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. என் காலைப் பிடித்தாள். "சாமி, ஒரு வாய் ரொட்டி குடு. ஒரே வாய். நான் வீட்டுக்குப் போறேன்."

"நாளைக்குப் பறந்துருவ தாயி. இப்பப் போய் கெடுத்துக்காத."

அவள் வாசலை நோக்கித் தவழ்ந்தாள். அரும்பாடுபட்டுச் சேர்த்த லேசு வீணாகிவிடுமே என்று பாறையை உருட்டி அடைத்தேன். உள்ளிருந்து நகத்தால் பாறையில் தாளம் போட்டாள். வெளியே ஜோப் கூப்பிட்டான்: "தாமசின், ஆட்டுக்கால் சூப்பு வச்சிருக்கேன்டி. வந்துரு."

"தியானத்துல இருக்கா," என்றேன். போய்விட்டான். நல்ல மனிதன், சொன்னால் நம்புவான்.

அப்பத்தின் வாசனை அவளை மிகவும் வதைத்தது. அவள் மனம் அலையக் கூடாது. அதனால் வாசலுக்கு வந்த அத்தனையையும், பாறை இடுக்கு வழியே அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மிச்சமில்லாமல் நானே தின்றுவிடுவேன். துகள் விழுந்தாலும் அவள் கைக்கு எட்டும் முன் பொறுக்கிக்கொள்வேன். கடைசியில் கேட்பதை நிறுத்தினாள். கண் திறந்தபடியே இருந்தது. ஆம், பறந்துவிட்டாள். பாறையை வைத்தது நான்தான். ஒப்புக்கொள்கிறேன்.

அவளை ஜோப் ஒற்றைக் கையில் தூக்கிப் போனான். என்னைக் குகையிலிருந்து வெளியே இழுக்க நான்கு காவலர்களுக்கு வேர்த்துவிட்டது. ஊர்ப் பாவத்தையெல்லாம் சுமக்கிறவன் கனமாகத்தான் இருப்பான், ஐயா.