வன்னியராஜுக்கு எழுதிக் கொடுத்த சைபர்

டீ ஆறட்டும் சார், சுடச்சுடக் குடிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. வள்ளியூர்ல மருத்துவச்சியப் பிடிச்சு வச்சிருக்கியளாமே, அவள விட்டிருங்க. அன்னத்தாய் செத்ததுக்கு நாந்தான் காரணம்.

என் பேரு கிருபைராஜ். பாளையங்கோட்டையில, ஆம்பளையளுக்குக் கருத்தடை ஊசி போட்டுப் பாக்குத ஆராய்ச்சியில எனக்கு மைக்ராஸ்கோப் வேலை. தொண்ணூத்தி மூணுல ஆரம்பிச்சோம். ஆள் சேக்கதுக்குள்ள உசுரு போயிட்டு. "எங்கள ஒண்ணுமில்லாம ஆக்கப் பாக்குதியளோ?"ன்னு அவனவன் சந்தேகமாவே பாப்பான். பொண்டாட்டிக்கு ஆபரேஷன்னா மட்டும் முந்தின நாளே ஆஸ்பத்திரியில கொண்டு விட்டிருவான்.

அன்னத்தாய் புருஷன் வன்னியராஜ் ஒருத்தன்தான் தைரியமா வந்தான். பேட்டைப் பட்டறையில லேத் ஓட்டுதவன், மூணு பிள்ளைக்காரன். இவனுக்கு என்ன ஆகுதுன்னு பாத்துட்டு வாரோம்னு மத்தவனெல்லாம் நின்னுட்டான். நாலு மாசம் ஊசி போட்டு அவன் விந்தைப் பாத்தேன். உயிரணு குறையவே இல்ல. அதச் சொன்னா பட்டறையில இருந்து ஒருத்தன் வருவானா? உயிரணு சைபர்னு சீட்டுல எழுதிக் கொடுத்தேன். போகப்போகக் குறைஞ்சிரும்னு ஒரு நம்பிக்கைதான். அவன் அதப் பேட்டை முழுக்கக் காட்டுனான். பதினோரு பேரு வந்தாவ.

ரெண்டு மாசத்துல அன்னத்தாய் முழுகாம இருந்தா. "சீட்டப் பாத்த பயலுவ எல்லாம் சிரிக்கானுவ அண்ணாச்சி, இன்னொரு தடவ பாத்துச் சொல்லுங்க"ன்னு வன்னியராஜ் வந்து நின்னான். பாத்தேன். எல்லாம் நல்லா நீந்திக்கிட்டு இருந்துது. மறுபடியும் சைபர்னே எழுதுனேன். திருத்துனா பதினோரு பேரும் ஓடிருவான், ஆராய்ச்சிய மூடிருவாவ. ஒரு நல்ல காரியம் கெட்டுப்போகும்லா?

மறுநாள் அன்னத்தாயே வந்தா. அழல. "எங்க வீட்டுக்காரரு என்னைய வீட்டுக்குள்ள சேக்க மாட்டேங்காரு அண்ணாச்சி. பிள்ளைய மூணும் உள்ள கெடக்கு. மெஷினு தப்பாக் காட்டிட்டுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க"ன்னா.

"மெஷின் தப்பாக் காட்டாதும்மா"ன்னு பைய சொன்னேன். அது பொய்யில்ல சார்.

வயித்துல உள்ளதக் கலைச்சிட்டா புருஷன் சேத்துக்குவான்னு வள்ளியூர் போயிருக்கா. ரத்தம் நிக்காமச் செத்துப் போயிட்டா. எனக்கு வருத்தம் இல்லாம இல்ல. ரெண்டு நாளாச் சோறு இறங்கல.

ரெண்டு சீட்டுலயும் என் கையெழுத்துத்தான், எழுதிக்கிடுங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கேன் சார். அவனுக்கு உயிரணு இருந்துதுன்னா, வயித்துல இருந்தது அவன் பிள்ளைதான்னு ஆயிருமா? அவ யாரு யாரோட பேசிப் பழகுனான்னு நீங்க இன்னும் விசாரிக்கவே இல்லையே, அது ஏன்?