தரை: நல்ல நிலையில் உள்ளது

பெயர் பொன்னுத்துரை நிஷாந்தினி. வயது 17. முகவரி இல. 27/4, கீழ்வீடு, அம்பிட்டிய வீதி, கண்டி. உயர்தர வகுப்பு மாணவி. பதினெட்டு வயது ஆகாததால், தாயார் பரிமளம் பக்கத்துக் கதிரையில் இருக்க இதைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டுச் சொந்தக்காரரும் மேல்வீட்டில் இருப்பவருமான கணபதி, நேற்று 21.06.2025 காலை எங்கள் பாத்ரூமில் விழுந்தார். நான் தரையில் எண்ணெய் ஊற்றி அவரை விழ வைத்ததாகப் பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறார். நான் எண்ணெய் ஊற்றவில்லை. எங்கள் வீட்டில் எண்ணெய் தோசைக்கே போதாது.

போன வருடம் ஜனவரியில் நாங்கள் ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்திலிருந்து அங்கே வாடகைக்கு வந்தோம். அப்போது கணபதி அங்கிள் தன் கையால் ஒரு பட்டியல் எழுதி, கீழே தானும் ஒப்பமிட்டு, போகும்போது அதில் உள்ளபடியே எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும் என்று அம்மாவிடம் கையெழுத்து வாங்கினார். பாத்ரூம் என்ற தலைப்பின் கீழ் பைப் 1, விரிசல் கண்ணாடி 1, பல்ப் 1, தரை நல்ல நிலையில் உள்ளது என்று இருக்கிறது. பைப் ஒழுகுவதையும் தரையில் பாசி இருந்ததையும் அவர் எழுதவில்லை. அவருக்கு வத்தேகம டவுனில் ஹாட்வெயார் கடை இருக்கிறது. கடை முழுக்கப் பைப் தொங்குகிறது. எங்கள் பைப்புக்கு மட்டும் சைக்கிள் டியூப் துண்டு கட்டியிருந்தது. மூன்று தடவை சொன்னோம். மூன்று தடவையும் பைப் சொட்டிக்கொண்டே இருந்தது, அவர் வாயிலிருந்து வாக்குறுதிதான் கொட்டியது.

அதன் பின்னர் 24.05.2025 காலை அம்மா அந்தத் தரையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்தது. அம்மா வீட்டில் பிளவுஸ் தைப்பவர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் இருவரும் மேல்வீட்டுக்குப் போய்ச் சொன்னோம். அவர் டீவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "கீழ பார்த்து நடக்கணும் பரிமளம்" என்றார். "பைப்பையாவது மாத்தித் தாங்க அங்கிள்" என்று நான் கேட்டேன். அதற்கு அவர், "ஹேவாஹெட்ட தோட்டத்துல பீலித் தண்ணியில குளிச்சவங்களுக்கு பாத்ரூம்னு ஒன்னு இருக்கிறதே பெருசு" என்றார். அம்மா நல்ல கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். மொத்தம் பதினாறு படி.

அதன் பின்னர் அடுத்த சனி, ஞாயிறு இரண்டு நாளும் நானும் என் வகுப்புத் தோழி ஆஸிகாவும் சேர்ந்து பாத்ரூமைத் திருத்தினோம். ப்ளீச்சிங் பவுடர் போட்டுப் பாசியைத் தேய்த்தோம். ஆஸிகாவின் வாப்பா கடையில் மிஞ்சிய ரப்பர் விரிப்புத் துண்டுகளைத் தந்தார், அவற்றை வெட்டித் தரையில் போட்டோம். சுவருக்கு யாரோ மிச்சம் வைத்த வெள்ளைப் பெயின்டும் நீல நிற ஸ்டிக்கரும், பழைய சாமான் கடையில் ஒரு கண்ணாடி, புதிதாக ஒரு பிளாஸ்டிக் பைப், ஜாம் போத்தலில் ஒரு மணி பிளாண்ட். அம்மா பிடித்து எழும்பச் சுவரில் ஒரு கம்பிக் கைப்பிடி. கழற்றிய பைப், டியூப் துண்டு, விரிசல் கண்ணாடி எல்லாவற்றையும் அரிசிச் சாக்கில் கட்டி வைத்தேன். வாடகை வீட்டில் அப்படித்தான். போகும்போது அவர்களுடையதை மாட்டிவிட்டு நம்முடையதைக் கழற்றிக்கொண்டு போக வேண்டும்.

15.06.2025 அன்று கணபதி அங்கிள் வந்து பார்த்து, "அடேங்கப்பா, ஹோட்டல் மாதிரி!" என்று போனில் படம் எடுத்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன், மடச்சி. மறுநாள் அதே படம், மணி பிளாண்டோடு, "நவீன பாத்ரூமுடன் வீடு வாடகைக்கு" என்று இணையத்தில் வந்திருந்தது. அன்று மாலை அவர் வந்து மாத முடிவில் வீட்டை விடச் சொன்னார். "சனிக்கிழமை ஆள் பார்க்க வருது. பட்டியல்ல இருக்கிறபடி ஒப்படைச்சிருங்க" என்றார்.

சொன்னபடி செய்தேன். நேற்றுக் காலை ஏழு மணிக்கு அம்மாவை ஆஸிகா வீட்டில் விட்டுவிட்டு வந்து, விரிப்பைச் சுருட்டி, ஸ்டிக்கரை உரித்து, கைப்பிடியைக் கழற்றி ஓட்டைகளைச் சிமெந்தால் அடைத்து, சாக்கை அவிழ்த்து அவருடைய சாமான்களை மாட்டினேன். டியூப்பை அதே முடிச்சாகக் கட்டினேன். பாசியை மட்டும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை, அதற்கு இன்னும் மழை வேண்டும். பைப் தன் வேலையைத் தானே தொடங்கி, தரை நனைந்தது.

பத்தரை மணிக்கு அவர் ஒரு கணவன் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். "பார்த்துப் போங்க அங்கிள், வழுக்கும்" என்று கதவடியில் நின்று சொன்னேன். "என் வீட்டு பாத்ரூம் எனக்குத் தெரியாதா? தள்ளும்மா" என்றார். கதவு திறந்ததும் அந்த அக்கா, "போட்டோவுல இருந்த பாத்ரூம் எங்கங்க?" என்று கேட்டார். அங்கிள் வேகமாக உள்ளே இரண்டு அடி வைத்தார். மூன்றாவது அடியைத் தரை கொடுத்தது. பிடிக்கக் கை நீட்டிய இடத்தில் அடைத்த ஓட்டைகள்தான் இருந்தன. எலும்பு எதுவும் உடையவில்லை. நான்தான் கைகொடுத்துத் தூக்கினேன். தூக்கும்போது, "கீழ பார்த்து நடக்கணும் அங்கிள்" என்றேன். சிரித்தேன். அதை மறுக்கவில்லை.

அம்மாவை ஏன் அன்று வெளியே அனுப்பினாய் என்று உத்தியோகத்தர் கேட்டார். இன்னொரு தரம் விழக்கூடாது என்று அனுப்பினேன். அப்படியானால் வழுக்கும் என்று தெரியும்தானே என்று கேட்டார். தெரியும். அதனால்தான் அவரை எச்சரித்தேன். அவருக்கும் தெரியும். நாங்கள் மூன்று தடவை சொல்லியிருக்கிறோம், நான்காவது தடவை அம்மாவின் கையே சொன்னது. இதில் என் மேல் வழக்குப் போடுவதென்றால் 21.06இலிருந்து எழுதாமல் 24.05இலிருந்து எழுதும்படி கேட்கிறேன். பட்டியலின் பிரதியைத் தருகிறேன். "தரை நல்ல நிலையில் உள்ளது" என்பதன் கீழே இருப்பது அவருடைய கையெழுத்து.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். மாற்றச் சொல்ல ஒரு சொல்லும் இல்லை. அத்தனையும் நடந்தது.

(ஒப்பம்) பொ. நிஷாந்தினி
22.06.2025

தாயார் பரிமளம்: வலது கை பிளாஸ்டரில் இருப்பதால் கையெழுத்திட முடியவில்லை. இடது பெருவிரல் அடையாளம் பெறப்பட்டது.