பேனருக்குக் கீழே தெரிந்த பூட்ஸ்

மைசூரு குடும்ப நீதிமன்றத்தில், மனுதாரர் தரப்பு இரண்டாம் சாட்சி சொன்னது:

என் பெயர் சித்தம்மா. வயது அறுபத்தைந்து. கணவர் காலஞ்சென்ற குப்புசாமி. மைசூரு மண்டி மொஹல்லாவில் குடியிருக்கிறேன், சொந்த ஊர் ஹனூர் பக்கம். ஊதுவத்திக் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தேன். எனக்குக் கன்னடம் நன்றாக வரும். ஆனால் சத்தியம் பண்ணிச் சொல்கிற விஷயத்தைத் தமிழில் சொன்னால்தான் மனசு ஒப்பும் என்று கேட்டுக்கொண்டதால், மொழிபெயர்ப்பாளர் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். மெதுவாகப் பேசுங்கள் என்று அதற்குள் இரண்டு தடவை சொல்லிவிட்டார். எனக்கு வாய் கொஞ்சம் வேகமுங்க, என்ன பண்ணட்டும்.

மனுதாரர்கள் விஜயநகரில் வசிக்கும் கெம்பையன் அண்ணனும் கனகலக்ஷ்மி அக்காவும். இருவருக்கும் 12.8.1979 ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் நடந்தது. நான் கண்ணால் பார்த்தேன். பிள்ளைகள் இல்லாததால் இப்போது ஸ்ரீரங்கப்பட்டணம் ரோட்டில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் சேரப் போனார்கள். அங்கே கல்யாணச் சான்றிதழ் இருந்தால்தான் இரண்டு பேருக்கு ஒரே அறையாம், இல்லாவிட்டால் அவர் ஆண்கள் கட்டிடம், இவள் பெண்கள் கட்டிடம், சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறு வரை தோட்டத்தில் பார்த்துக்கொள்ளலாமாம். நாற்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்தினவர்களுக்கு இது நல்லா இருக்குதா என்று கேட்டேன். கேள்வி கேட்கக் கூடாது, பதில் மட்டும் சொல்ல வேண்டும் என்று எதிர்த்தரப்பு வக்கீல் சொன்னார். சரி.

கனகா அக்காவின் தம்பி சீனிவாசன், அப்படி ஒரு கல்யாணமே நடக்கவில்லை, அன்று அக்கா வீட்டில்தான் இருந்தாள் என்று ஆட்சேபம் கொடுத்திருக்கிறார். அதற்காகத்தான் என்னை அழைத்தார்கள்.

எமர்ஜென்சி முடிந்த கையோடு மைசூரில் வாரத்துக்கு ஒரு ஊர்வலம் நடந்த காலம் அது. உழுகிறவனுக்கு நிலம் கேட்டு ஒன்று, ஜாதி ஒழிய ஒன்று, எங்கள் கம்பெனிப் பெண்கள் பிரசவ லீவு கேட்டு ஒன்று. புருஷன் முன்னால் உட்காராதவளெல்லாம் மைக்கைப் பிடித்துப் பேசினாள். மண்டி மொஹல்லா டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்த முதல் பொம்பளை என் சிநேகிதி தேவம்மா, இரண்டாவது நான். இதையும் எழுதிக்கங்க. கனகா அக்கா ஐயங்கார் வீட்டுப் பெண், காலேஜில் படித்துக்கொண்டே சாயங்காலம் எங்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். கெம்பையன் அண்ணன் கொள்ளேகால் விவசாயக் குடும்பம், இங்கே பஸ் பட்டறையில் மெக்கானிக், எங்கள் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர். அவர்களுக்குள் விருப்பம் என்பது எல்லாருக்கும் தெரியும், அவர்கள் இரண்டு பேரைத் தவிர. நாங்கள்தான் எடுத்துச் சொன்னோம்.

அதன் பிறகு, பிரசவ லீவு ஊர்வலம் முடிகிற இடத்தில் லாரி மேல் வைத்துக் கல்யாணம் என்று சங்கத்தில் முடிவானது. ஐயர் கிடையாது, தாலி கிடையாது, அம்மி மிதிக்கிறது கிடையாது. மாலை மாற்றி உறுதிமொழி படிப்பது, அவ்வளவுதான். அக்கா வீட்டில் எப்படியோ மோப்பம் பிடித்து, வெளியே போகாதிருக்க அவளுடைய செருப்பையெல்லாம் அவள் அப்பா பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். ஆனாலும் அவள் மூன்று மணிக்கு லாரியடிக்கு வந்து சேர்ந்தாள். வந்த கோலத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பட்டுப்புடவை, காலில் பெரிய கறுப்பு பூட்ஸ். அளவு பெரிதாக இருந்ததால் எங்கள் துண்டுப் பிரசுரங்களைச் சுருட்டி உள்ளே அடைத்துக்கொண்டாள். யாருடையது என்று கேட்டேன். "அப்புறம் சொல்றேண்டி" என்றாள். அதன் பிறகு சொல்லவே இல்லை.

மாலை மாற்றினார்கள். உறுதிமொழி படித்தார்கள். அந்தக் காகிதத்தில் கையெழுத்து வாங்க மறந்துபோய், அதன் பின்பக்கத்திலேயே அடுத்த கூட்டத்துக்குப் பேச்சாளர் பெயர்களை எழுதிவிட்டோம். சர்க்கார் முத்திரை நமக்கெதற்கு என்று வீறாப்பாகப் பதிவும் செய்யவில்லை. போட்டோக்காரர் முப்பத்தாறு படச் சுருளில் முப்பத்தைந்தை ஊர்வலத்துக்கே தீர்த்திருந்தார். மிச்சம் ஒன்று. அதை எடுக்கிற நேரத்தில் கூட்டத்திலிருந்து ஒருவர், "கோஷம் படத்தில விழணும், பேனரைத் தூக்குங்கம்மா!" என்று கத்தினார். லாரிக்கு முன்னால் கீழே நின்ற எங்களிடம்தான் பேனர், ஒரு முனை தேவம்மா கையில், மறுமுனை என் கையில். எனக்கு அன்றுதான் முதல் பேனர். உற்சாகத்தில் தலைக்கு மேல் தூக்கிவிட்டேன்.

ஆகவே படத்தில் பொண்ணும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. பேனர் மட்டும் பளிச்சென்று இருக்கிறது, எழுத்தெல்லாம் சுத்தமாகப் படிக்கலாம். நான் மட்டும் ஓரத்தில் ஈ என்று இளித்துக்கொண்டு நிற்கிறேன். அவர்களை இன்றைக்குத் தனித்தனிக் கட்டிடத்தில் போட்டால் அது என் கைக்கோளாறு. ஒரு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. தேவம்மா செத்துப்போய்விட்டாள், பழியைப் பங்கு போடவும் ஆளில்லை.

அந்தப் படத்தை இப்போது என்னிடம் காட்டினார்கள். பேனருக்குக் கீழே இரண்டு மாலைகளின் நுனி தொங்குவதைக் காட்டினேன். அதற்கும் கீழே பூட்ஸ் போட்ட கால் கெம்பையன் அண்ணனின் வெறுங்காலை மிதித்துக்கொண்டிருப்பதையும் காட்டினேன். அம்மி வேண்டாம் என்று மேடை போட்டுப் பேசினவள், கல்யாணம் முடிகிறவரை அவர் காலை மிதித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அந்தக் கட்டைவிரல் நகம் இன்றும் கோணல்தான், வேண்டுமானால் செருப்பைக் கழற்றச் சொல்லுங்கள் என்றேன். அண்ணன் கழற்றியே விட்டார். நீதிபதி அம்மா வேண்டாம் என்று சொல்வதற்குள் எல்லாரும் பார்த்துவிட்டார்கள்.

அப்போது ஆட்சேபதாரர் சீனிவாசன் படத்தைக் கையில் வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்து, எழுந்து நின்று, "இது என் என்.சி.சி. பூட்ஸ்! ஓரத்துல வெள்ளை நூல் போட்டுத் தெச்சது நான்தான்!" என்று கத்தினார். அவருடைய வக்கீல் கையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை. "சுதந்திர தினப் பரேடுக்கு மூணு நாள் இருக்கச்சே காணாமப் போச்சு. பூட்ஸ் இல்லேன்னு என்னை வரிசையிலேர்ந்து எடுத்துட்டா. நீதானா அக்கா எடுத்துண்டு போனே?" என்றார்.

கனகா அக்கா இருந்த இடத்திலிருந்தே, "தப்புதான் சீனு. கேட்டா குடுத்திருப்பியா?" என்றாள்.

அதற்கு அவர், "கேட்டிருந்தா நானே பாலிஷ் போட்டுக் குடுத்துட்டு, கூடவே வந்திருப்பேனே. தெருவுல போறவாளெல்லாம் உன் கல்யாணத்தைப் பார்த்தா. எனக்கு மட்டும் சொல்லலையே நீ" என்றார். அறுபத்திரண்டு வயசு மனிதர் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கும் கண் கலங்கிவிட்டதுங்க, பொய் சொல்லக் கூடாது.

அக்கா அன்று வீட்டில்தான் இருந்தாள் என்ற வாசகம் பற்றி நீதிபதி அம்மா கேட்டதற்கு, சீனிவாசன் ஆட்சேபத்தைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். அதன் பிறகு அவரே, அந்தப் பூட்ஸ் இப்போது எங்கே என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். கல்யாணத்துக்கு அடுத்த வாரமே அதை நான் வாங்கிக்கொண்டதையும், முன்வரிசையில் பேனர் பிடிக்கிறவளுக்கு அந்தப் பூட்ஸ் என்று முறை வைத்து நானும் தேவம்மாவும் மாற்றி மாற்றிப் போட்டு நடந்ததையும், நாலு வருஷத்தில் அடி கழன்று போனதையும் ஒப்புக்கொண்டேன்.

"அத்தனை ஊர்வலமும் போச்சா அது?" என்று சீனிவாசன் கேட்டார். ஒன்று விடவில்லை என்றேன். "பிரசவ லீவு கிடைச்சுதோ?" என்று கேட்டார். கிடைத்தது என்றேன். அவர் படத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, "அப்போ என் பூட்ஸ் பரேடு போயிருக்கு" என்றார்.

நான் சொன்னதை எனக்குத் தமிழில் படித்துக் காட்டினார்கள். பேனரைத் தூக்கினது, பூட்ஸைத் தேய்த்தது உட்பட எல்லாம் நடந்தது நடந்தபடி. யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை. கைநாட்டு வைக்கலாம் என்று மை டப்பாவை நீட்டினார்கள், வேண்டாம் என்று பேனா கேட்டு வாங்கினேன். கனகா அக்கா கற்றுக்கொடுத்த கையெழுத்து இது.

(ஒப்பம்) சித்தம்மா