பெடலுக்குப் பாலீஷ் போடக் கூடாது

மேடம், வெளியே நிற்கும் உங்கள் ஜீப்பை ஒருவர் காய்ந்த துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறார். உள்ளே வரும்போதே பார்த்தேன். முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள். தூசி என்பது பொடி மணல். அதைக் காய்ந்த துணியால் துடைப்பதும் உப்புத்தாளால் தேய்ப்பதும் ஒன்றுதான். தண்ணீரைப் பீய்ச்சித் தூசியை இறக்கிவிட்டு, பிறகுதான் துணி கிட்டே போக வேண்டும்.

போன வாரம் நான் கொடுத்த வாக்குமூலத்தைக் கிழித்துவிடுங்கள். இன்று சொல்வதுதான் சரி. இரண்டு நாளாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்ததும் உடம்பே லேசாகிவிட்டது. பேருந்துக்குக்கூடக் காத்திருக்காமல், ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே நடந்து வந்துவிட்டேன்.

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் முப்பத்திரண்டு வருடம் லென்ஸ் தேய்த்தவன் நான். ஊர் கண்ணுக்குத் தெரியாத கீறல் என் கண்ணுக்குத் தெரியும். ஓய்வு பெற்ற மறுமாதம் ஒரு கார் வாங்கினோம். ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய கார்தான். ஆனால் கருநீலம். வெள்ளைக் கார் பொய் சொல்லும் மேடம், எத்தனை கீறல் விழுந்தாலும் முழுங்கிவிடும். கருநீலம் எதையும் மறைக்காது. வெயிலில் நிறுத்தினால் பழைய முதலாளி செய்த பாவமெல்லாம் பானெட்டில் தெரிந்தது. எனக்கு ஒரே கொண்டாட்டம். அத்தனையையும் நான்தானே சரி செய்யப் போகிறேன்.

ஷாம்பு தேர்ந்தெடுக்கவே ஒன்பது நாள் ஆனது. பாத்திரம் துலக்கும் சோப்பு ஆகாது, அழுக்கோடு மெழுகையும் உரித்துக்கொண்டு போய்விடும். மெழுகில் ஐந்து வகை வாங்கி, எங்கள் வீட்டு இரும்பு பீரோவின் கதவில் பட்டை பட்டையாகப் பூசி, தினமும் காலையில் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். மூன்றாவது பட்டையில் தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு நின்றது. அடுப்படியில் இருந்த மனைவியைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள்.

“இதுல ஈ உக்காந்தா வழுக்கி விழுந்து இடுப்ப ஒடச்சுக்கும்,” என்றாள்.

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவளுக்கு அப்படி ஒரு வாய். மருத்துவமனையில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். குரலைக் கேட்டே பாதிப் பேருக்கு நோய் தீர்ந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் எனக்குத் தலைகால் புரியாது. இரண்டு வாளி. ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். கையுறையை ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்புவில் முக்குவேன். நிழலில்தான் கழுவ வேண்டும், கூரையிலிருந்து கீழே இறங்கி வர வேண்டும். சக்கரங்களுக்குத் தனி வாளி. கழுவிய பிறகு களிமண் கட்டி போல ஒன்று இருக்கிறது, அதைச் சோப்புத் தண்ணீர் தெளித்து மேலே ஓட்டினால், கைக்கு நெருடுகிற துகள்களையெல்லாம் ஒற்றி எடுத்துவிடும். பிறகு உள்ளங்கையால் தடவிப் பார்க்க வேண்டும். ஐயோ மேடம், அந்த வழவழப்பை எப்படிச் சொல்வேன். பிறந்த குழந்தையின் முதுகு மாதிரி இருக்கும். எங்களுக்குக் குழந்தை இல்லை, கேள்விப்பட்டதைச் சொல்கிறேன்.

காருக்குள்ளே வந்தால் ஒரு விதி மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். ஸ்டீயரிங்குக்கும் பெடலுக்கும் பளபளப்பு ஆகாது. ஈரத்துணியால் துடைத்து, உலர்த்தி, அதோடு விட்டுவிட வேண்டும். பக்கத்து வீட்டுப் பல் டாக்டருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். அவரைக் கேட்டுப் பாருங்கள்.

இனி மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவியின் ஒரே தம்பி. மருந்துக் கம்பெனி விற்பனைக்காரன். தெருவில் எல்லோருக்கும் அவன் ‘கலகல’. அவன் வீட்டுக்குள் நுழைந்தால் நாற்காலிகூடச் சிரிக்கும். எனக்கும் அவனைப் பிடிக்கும், பிடிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் கார் விஷயத்தில் அவனுக்குக் கைப்பக்குவம் கிடையாது. டீ டம்ளரைப் பானெட்டில் வைப்பான். பறவை எச்சத்தைச் செய்தித்தாளால் வழிப்பான். பின் பாக்கெட்டில் சாவிக்கொத்தோடு பானெட்டில் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்வான். மாதம் ஒரு முறையாவது, “மாமா, வண்டிய ஒரு மணி நேரம் எடுத்துக்கறேன்,” என்பான். நான் பதில் யோசிப்பதற்குள் அவனுடைய அக்கா சாவியைக் கொடுத்திருப்பாள்.

ஒரு நாள் அவன் எனக்கு இன்ப அதிர்ச்சி கொடுத்தான். காரை வழியில் எங்கோ கழுவி எடுத்து வந்திருந்தான். தரை தேய்க்கும் பிரஷ்ஷால். “மாமா, இந்த ஞாயித்துக்கிழமை நீங்க ரெஸ்ட் எடுங்க,” என்று என் தோளில் தட்டினான். நல்ல எண்ணத்தில்தான் செய்தான், அதை நான் மறுக்கவில்லை. வெயிலில் நிறுத்திப் பார்த்தேன். கூரை, கதவு, பானெட், ஓர் இடம் பாக்கி இல்லாமல் சிலந்தி வலை போலக் கீறல். என் முகத்தைப் பார்த்து அக்காவும் தம்பியும் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

“காருதாங்க, ஆளா அடிபட்டுச்சு?” என்றாள் மனைவி.

நியாயமான கேள்வி. நான் அதைப் பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த மூன்று வாரம் என் வாழ்க்கையிலேயே சந்தோஷமான நாட்கள். மெஷின் வைக்காமல், கையாலேயே, உள்ளங்கை அகலம் உள்ளங்கை அகலமாகத் தேய்த்துக் கீறல்களை எடுத்தேன். முதலில் கொஞ்சம் சொரசொரப்பான பாலீஷ், பிறகு மாவு போன்ற பாலீஷ், கடைசியில் மூன்றாம் பட்டை மெழுகு. தோள்பட்டை வீங்கிவிட்டது. பாடிக்கொண்டே தேய்த்தேன்.

வேலை முடிந்த நாளில்தான் அது நடந்தது. டயருக்குப் பாலீஷ் போடும்போது நாலு சொட்டு வாசல் டைல்ஸில் சிந்திவிட்டது. கவனிக்காமல் காலை வைத்தேன். ரப்பர் செருப்புதான், ஆனாலும் கால் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. ஒரு சுற்றுச் சுற்றி, வாளியைத் தட்டிவிட்டு, நுரைக்குள் உட்கார்ந்தேன். மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் சாய்ந்துவிட்டான். அவள் கண்ணீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன் மேடம், அவர்களைவிட அதிகமாகவே சிரித்தேன். அவர்கள் நான் விழுந்ததற்குச் சிரித்தார்கள். எனக்கு அந்த நிமிடம் மண்டைக்குள் பல்பு எரிந்துவிட்டது. நல்ல யோசனை வந்தால் வருகிற சிரிப்பு தனி.

அடுத்த சனிக்கிழமை அக்காவும் தம்பியும் அவர்களுடைய அம்மாவைப் பார்க்கப் போவதாக இருந்தது. காலை ஏழு மணிக்கு நான் காரில் உட்கார்ந்தேன். டயர் பாலீஷைப் புது மைக்ரோஃபைபர் துணியில் எடுத்து பிரேக் பெடலில் தடவினேன். ஒரு பூச்சு, பத்து நிமிடம் காத்திருப்பு, இன்னொரு பூச்சு. பிறகு ஓரங்களைத் துடைத்து, மிதியடிமேல் ஒரு சொட்டுகூட விழாமல் பார்த்துக்கொண்டேன். பார்த்தால் புதுப் பெடல் போல இருந்தது. அவ்வளவு நேர்த்தி.

எங்கள் தெருவை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். எங்கள் வீடு மேட்டின் உச்சியில். வாசலிலிருந்து நேர் இறக்கம், கீழே மரக்கடை. மச்சான் அன்று புது ஷூ போட்டிருந்தான், அதன் அடித்தோல் வழவழவென்று இருந்தது. அது என் ஏற்பாடு இல்லை. நான் கேட்டருகே நின்று கையாட்டினேன். இறக்கத்தில் கார் வேகமெடுத்தது. பிரேக் விளக்கு ஒரு முறை மினுக்கியது, அணைந்தது. மறுபடி மினுக்கியது, அணைந்தது. மூன்றாவது முறை மினுக்கவில்லை. ஹேண்ட் பிரேக் அவன் ஞாபகத்துக்கு வரவில்லை. ஓட்டும்போது அவனுக்கு ஒரு கை ஸ்டீயரிங்கில், மற்றொரு கை கதையில். மரம் ஏற்றிய லாரி ஒன்று கடை வாசலில் நின்றுகொண்டிருந்தது.

அந்த வெயிலில் கார் இறங்கிப் போனதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கீறல் இல்லை. கருநீலத்தில் தெருவே தலைகீழாக ஓடியது.

மச்சான் அங்கேயே போய்விட்டான். மனைவிக்குத் தாடை, நான்கு விலா எலும்பு, வலது கால். பேச முடிந்ததும் உங்களிடம் அவள் என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரியும், நான் கதவுக்கு வெளியேதான் இருந்தேன். “அவருக்கு ஒண்ணும் தெரியாதும்மா. காரு மேல பைத்தியம். எங்கெங்கயோ பாலீஷ் போடுவாரு, பாவம், பாவம்,” என்றாள். பாவம் என்ற சொல்லை மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். ஆனால் வண்டியைச் சோதிக்க வந்தாரே, அந்த மோட்டார் வாகன ஆய்வாளர். பிரேக் பெடலில் விரலை வைத்து, மோந்து பார்த்து, உங்களிடம் சொன்னார்.

“விஷயம் தெரியாத ஆளு மேடம். வீட்ல வண்டி கழுவற அரைகுறைங்க பண்ற தப்புதான். விபத்துன்னு எழுதிடலாம்.”

அரைகுறை. முப்பத்திரண்டு வருடம் கண்ணாடி தேய்த்தவனை. ஐந்து மெழுகைப் பீரோவில் பூசிப் பார்த்தவனை. பெடலுக்குப் பாலீஷ் போடக் கூடாது என்பது பாலீஷ் டப்பாவின் முதுகிலேயே எழுதியிருக்கிறது மேடம். தெரியாமல் போட்டவன் ஓரமெல்லாம் வழியவிட்டிருப்பான். அதை ஏன் அவர் கவனிக்கவில்லை? நான் தெரிந்துதான் போட்டேன். ஒழுங்காகப் போட்டேன். அதை அப்படியே எழுதுங்கள். அந்த ஆய்வாளருக்கும் ஒரு பிரதி அனுப்பினால் நல்லது.

மனைவியை இதில் சேர்க்காதீர்கள். அவள் மேல் எனக்கு எள்ளளவும் வருத்தம் கிடையாது. இன்று காலைகூடக் கஞ்சியை ஆற்றி ஸ்பூனால் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். அவளுக்கு நடந்தது தற்செயல். தம்பியோடு எங்கே போனாலும் அவள் பின் சீட்டில்தான் காலை நீட்டிக்கொண்டு போவாள். அன்றும் பின் கதவைத்தான் திறந்தாள்.

“பின்னாடி ஷாம்பு போட்டிருக்கேன், ஈரம் காயல, முன்னாடி உக்காந்துக்கோ,” என்று சொன்னேன்.

அன்று நான் பின் சீட்டைத் தொடவே இல்லை.