கிழக்குப் பார்த்த பால்கனி

தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வி.ஆர். ஹெட்செட்டை மாட்டக் கூடாது. பட்டை பிசுபிசுத்துப் போகும், லேபில் திட்டுவார்கள். வல்லரசு அன்றைக்கும் எண்ணெய் வழிய வழியத்தான் வந்தான். போனால் போகிறது என்று நானே மாட்டிவிட்டேன்.

உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன், மேடம். விழுப்புரத்தில் நாங்கள் சிவில் படிக்கிறோம். கணினிக்குள் ஒரு வீட்டைக் கட்டிவிட்டு ஹெட்செட்டை மாட்டினால், அந்த வீட்டுக்குள் நடந்தே பார்க்கலாம். கடைசி வருட புராஜெக்டுக்கு வல்லரசும் நானும் ஜோடி. ஜோடி என்றால், நான் கட்டுவேன், அவன் டீ வாங்கி வருவான். திண்டிவனம் பைபாஸ் ஓரம் அவன் அப்பா கட்டிக்கொண்டிருக்கிற வீட்டையே எடுத்துக்கொண்டோம். அங்கே சென்ட்ரிங் பலகை அடிப்பவர் என் அப்பா சவுரிராயன். அவர் வெயிலில் ஒரு தளம் முடிப்பதற்குள் நான் முழு வீட்டையும் கட்டி வெள்ளையடித்துவிட்டேன். தப்பாகக் கட்டினாலும் இடிக்க வேண்டியதில்லை, ஒரு பொத்தான் போதும். படிப்பு என்றால் இதுதான் என்று பூரித்துப்போவேன்.

மொட்டை மாடியில், பிளானில் இல்லாத ஓர் அறையையும் கட்டினேன். கிழக்குப் பார்த்த பால்கனி, அதில் பூந்தொட்டிகள். “அந்த ரூமு நமக்குத்தான்டி ரோசா” என்று வல்லரசுதான் சொன்னான். நான் நம்பினேன்.

புராஜெக்டைப் பார்க்க வந்த சார், இது என்ன அறை என்று கேட்டார்.

“அவ ஆசைக்குக் கட்டிக்கினா சார்” என்று வல்லரசு சிரித்தான். “அவங்கப்பா எங்க வீட்ல பலகை அடிச்சிக்கினு இருக்காரு. அவங்களுக்கெல்லாம் எங்க வீட்ல யாரு சார் ரூமு குடுப்பாங்க?”

வகுப்பே சிரித்தது. எல்லோர் முன்னாலும் அறையை அழித்தான். எனக்குக் கோபமெல்லாம் வரவில்லை. என்னிடம் நகல் இருந்தது, திரும்பக் கட்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வேலையாட்கள் வரமாட்டார்கள். அப்பா கோயிலுக்குப் போயிருந்தார். கடைசியாக ஒரு தடவை அந்த அறையில் நடந்து பார்த்துவிட்டு உன் கையாலேயே அழித்துவிடு என்று வல்லரசை அவன் அப்பா கட்டுகிற வீட்டு மாடிக்குக் கூப்பிட்டேன். கைப்பிடிச் சுவர் இன்னும் எழுப்பவில்லை.

ஹெட்செட் மாட்டியவருக்கு வெளியே எதுவும் தெரியாது. அதனால் எதுவரை நடக்கலாம் என்று முதலில் ஹெட்செட்டுக்குள்ளேயே தரையில் எல்லைக் கோடு போட வேண்டும். கோட்டை நெருங்கினால் கண்ணெதிரே சிவப்பு வலை எழும், நின்றுவிடலாம். வழக்கம்போல் நான்தான் போட்டேன்.

“சூப்பரா இருக்குதுடி” என்று நடந்தான். “தொட்டியில என்னா, ரோசாப்பூவா?”

“கிட்டப் போயி பாரு” என்றேன்.

கீழே போர்டிகோ தூணுக்கு விட்டிருந்த கம்பிகளின் மேல் விழுந்தான். ஒன்று தொடையில், ஒன்று வயிற்றில். நான் படியில் இறங்கிப் போனபோது உயிர் இருந்தது. “கழட்டுடி, கழட்டுடி” என்றான். கழற்றவில்லை. அதில் என் அறை தெரிந்துகொண்டிருந்தது, பார்க்கட்டும் என்று விட்டேன். கம்பியிலிருந்து எழப் பார்த்தான். அடிபட்டவரை அசையவிடக் கூடாது என்று முதலுதவி வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். தோளைப் பிடித்து அழுத்தினேன். கம்பி முதுகுப் பக்கம் வந்தது. அவன் கத்துவது நிற்கும்வரை அழுத்திக்கொண்டுதான் இருந்தேன். பிறகு ஹெட்செட்டைக் கழற்றி என் துப்பட்டாவால் துடைத்தேன். கல்லூரிப் பொருள். எண்ணெய் போய்விட்டது, மற்றது போகவில்லை.

தெரிந்தேதான் செய்தாயா என்று கேட்டீர்கள். தெரிந்தேதான் செய்தேன், அதை எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் மாடியின் விளிம்பைத் தாண்டிக் கோடு போட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள், மேடம். தாண்டவில்லை. அங்கே பால்கனி இருக்கிறது. நான் கட்டியிருக்கிறேன்.