ஒரு கண் மட்டும் கல்யாணத்துக்குப் போன கதை

இந்தப் பச்சையம்மா வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு, வெளியே மட்டும் சிரித்தபடி வீற்றிருக்கும் எங்கள் அழகுக்கலைஞர் சங்கத் தலைவியே, அன்புக்கும் அதட்டலுக்கும் பேர்போனவளே, என் இருபது வருடத் தோழி கஸ்தூரி அவர்களே! வயதில் மூத்து, வாழ்த்துவதில் முந்தி, மின்விசிறிக்கு நேரே முன்வரிசை பிடித்துவிட்ட பெரியோர்களே! பெண்ணைப் பெற்று, கண்ணில் வைத்து வளர்த்து, கட்டிக்கொடுக்கும் நாளில் மட்டும் என் கடைக்கு வந்து "அக்கா, கொஞ்சம் கம்மி பண்ணிக்கோங்க" என்று பேரம் பேசும் தாய்மார்களே! கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தும் உதட்டுச் சாயம் கலையாமல் உட்கார்ந்திருக்கும் என் தொழில் தோழியரே! உங்கள் அனைவருக்கும் பச்சையம்மாளின் பணிவான வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, கண் மேக்கப் கலையாமல் நிற்க பிரைமரும் பேஸும். கொடுத்த நேரம் பத்து நிமிடம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவள் நான். எழுதி எடுத்து வரவில்லை. எடுத்து வந்திருந்தாலும், நான் எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் உங்கள் சாப்பாடு ஆறிப் போயிருக்கும்.

இமை என்பது என்ன? நெற்றி வியர்த்தால் துடைக்கலாம். கன்னம் வியர்த்தால் ஒற்றலாம். இமை வியர்த்தால் என் தாயே, என்ன செய்வாய்? அது ஓயாமல் மூடும், ஓயாமல் திறக்கும், உள்ளுக்குள்ளே எண்ணெய் கசியும். மேலே நாம் பூசிய மயில் பச்சையும் மாம்பழ மஞ்சளும் மெல்ல மெல்ல நகர்ந்து மடிப்புக்குள் போய் ஒளிந்துகொள்ளும். அதை ஓடவிடாமல் பிடித்து வைப்பதுதான் பிரைமர்.

என்னது? பின்னால் ஒருவர் சிரிக்கிறார். சுவருக்கு அடிப்பார்களே, அந்தப் பிரைமரா என்கிறீர்களா? அதே வேலைதான் அண்ணே! பிரைமர் அடிக்காமல் பெயின்ட் அடித்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டுமா? உங்கள் வீட்டு ஹாலைப் போய்ப் பாருங்கள்!

அரை அரிசி அளவு போதும். மோதிர விரலால் எடுத்து இமையில் தட்ட வேண்டும், தேய்க்கக் கூடாது. தூங்குகிற குழந்தையைத் தட்டுவதுபோலத் தட்ட வேண்டும். பிறகு ஒரு நிமிடம் காயவிட வேண்டும். அந்த ஒரு நிமிடத்தை நினைவில் வையுங்கள், பிறகு வருகிறேன். காய்ந்ததும் தோல் நிறத்துக்குப் பொருத்தமான பேஸ். அதன் மேல் தொட்டும் தொடாமலும் பவுடர். அதற்கும் பிறகுதான் வண்ணம். பிரைமர் கம்மியாக இருந்தால் நிற்கும். ஜாஸ்தியாகப் போனால் சப்பாத்தி மாவுபோலத் திரளும்.

இதையெல்லாம் எனக்கு யார் கற்றுக்கொடுத்தார்? எந்தக் கல்லூரி கற்றுக்கொடுத்தது? இந்த மண்டபம் கற்றுக்கொடுத்தது, தாய்மார்களே! இன்றைக்கு நம் கூட்டத்துக்கு வாடகைக்கு எடுத்திருக்கும் இதே கல்யாண மண்டபம். மேடைக்கு வலது பக்கம் பாருங்கள், மணமகள் அறை. அந்தக் கதவு கற்றுக்கொடுத்தது.

எட்டு வருடத்துக்கு முன்னால். என் வீட்டுக்காரர் ராஜேந்திரன் காலமாகி ஆறு மாதம். அவர் இருந்தவரைக்கும் மேக்கப் பெட்டியை என் மடியில் வைத்து என்னை வண்டியின் பின்னால் உட்காரவைத்து மண்டபம் மண்டபமாக அழைத்துப் போவார். முகூர்த்தம் முடியும்வரை வெளியே நின்று பேப்பர் படிப்பார். படிக்கிற மாதிரி தூங்குவார். அவர் போன பிறகு வந்த முதல் கல்யாணம் அது. பெண்ணுக்குக் கடையிலேயே அலங்காரம் முடித்தேன். எப்போதும்போல மண்டபத்தில் கலைகிற இடத்தைச் சரிசெய்து டச்சப் செய்யப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்து வந்தேன். அந்தக் கதவருகே பெண்ணின் அத்தை வந்து நின்றாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. மொதல் பந்தியிலயே சாப்ட்டுட்டு கெளம்பிடுங்க. உள்ள நாங்க பாத்துக்கறோம்."

"டச்சப்பு பண்ணணுமேம்மா?"

"அதான் பாத்துக்கறோம்னு சொல்றேன்ல?"

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். எனக்கென்ன வாய் இல்லையா? அவள் என் கையைப் பிடித்துக் கொஞ்சிச் சொன்னாள். குளிர்ந்த தண்ணீர் பாட்டில் ஒன்றும் கொடுத்தாள். கொஞ்சுகிறவளோடு எப்படிச் சண்டை போடுவது? சாப்பிட்டேன். வடை நன்றாக இருந்தது. கிளம்பிவிட்டேன்.

இங்கே மேடையில் ஓமப் புகை. தாரை வார்க்கும்போது பெண்ணின் கண்ணீர். நான் பூசிய பச்சை முழுதும் மடிப்பில் இறங்கிவிட்டது. ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு பெண்ணின் அம்மா கடைக்கு வந்தாள். "இன்னாக்கா இது, எம் பொண்ணு கண்ணு மேல ரெண்டு கோடு நிக்குது?" கதவில் நிறுத்தியது வலித்தது உண்மை. அந்த இரண்டு கோடு அதைவிட வலித்தது. அன்றைக்கு முடிவு செய்தேன். என் கை போக முடியாத இடத்துக்கு என் கை வேலையாவது போகட்டும். போய், கலையாமல் நிற்கட்டும்!

பேன்சி ஸ்டோர் சுனந்தாவிடம் போனேன். ஒரு சின்ன டியூபை எடுத்துக் கொடுத்தாள்.

"இத போட்டா எட்டு மணி நேரம் கலையாதுக்கா."

"யாரு சொன்னது?"

"டப்பாவுலயே போட்டிருக்காங்க."

"டப்பாவுக்கு நம்மூரு வெயில் தெரியுமாடி?"

சோதித்துப் பார்க்க வேண்டாமா? யாருடைய கண்ணில் சோதிப்பது? வீட்டில் இருப்பது நானும் ஒரு கண்ணாடியும். வலது கண்ணில் பிரைமர் போட்டேன், இடது கண்ணில் போடவில்லை. இரண்டிலும் மயில் பச்சை பூசினேன். வியர்வைக்கு எங்கே போவது? நம் ஊரில் அதற்கா பஞ்சம்? பௌர்ணமியாக இருந்தால் ஊரே பார்க்கும் என்று, ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில் கிரிவலம் கிளம்பினேன். பதினான்கு கிலோமீட்டர். அண்ணாமலையார் என்னை மன்னிக்கட்டும். எல்லோரும் வேண்டுதலோடு சுற்றும் மலையை நான் மேக்கப்போடு சுற்றினேன்.

இடது கண் பச்சை செங்கம் சாலையைத் தாண்டுவதற்குள் மடிப்பில் இறங்கிவிட்டது. வலது கண் அப்படியே நின்றது. அடி அண்ணாமலையில் டீ குடிக்க ஒதுங்கினேன். கடைக்கார அம்மா டம்ளரை நீட்டியவள் நீட்டியபடி நின்றாள்.

"இன்னாக்கா, ஒரு கண்ணு மட்டும் கல்யாணத்துக்குப் போவுதா?"

கடையே சிரித்தது. நான் சும்மா விடுவேனா? "ஆமாம்மா, இன்னொரு கண்ணுக்குப் பத்திரிகை வெக்கல" என்றேன். இன்னும் சிரித்தார்கள். சிரியுங்கள், நீங்களும் சிரியுங்கள், அதற்குத்தானே சொல்கிறேன்! நானும் சிரித்துவிட்டு, டீயை வாங்கிக்கொண்டு, மலையைப் பார்க்கத் திரும்பி நின்றேன். வலது கண் அழுகையையும் தாங்கியது. சோதனையில் பாக்கி எதுவும் இல்லை.

அன்று தொடங்கி எட்டு வருடம். என் கடையிலிருந்து கிளம்பிய எந்தப் பெண்ணின் கண்ணும் மேடையில் கலையவில்லை. புகைக்குக் கலையவில்லை, கண்ணீருக்குக் கலையவில்லை, மாமியாரைப் பார்த்த பிறகும் கலையவில்லை! "பிரைமர் பச்சையம்மா" என்று நீங்களே பெயர் வைத்தீர்கள். கடை வாசல்வரை வந்து கை காட்டுவேன். கார் திரும்பும். உள்ளே வந்து நாற்காலியைத் துடைப்பேன்.

ஒரு நிமிடம் காயவிட வேண்டும் என்றேனே, அதற்கு வருகிறேன். அந்த நிமிடம் மணப்பெண் கண்ணை மூடிக்கொண்டு முகத்தை என் கையில் கொடுத்துவிட்டு இருப்பாள். வண்ணமும் இல்லை, வாத்தியமும் இல்லை, வாசலில் அத்தையும் இல்லை. நான் அவளைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். எட்டு வருடமாக நான் போய்வந்த கல்யாணமெல்லாம் அந்த ஒரு நிமிடம்தான், தாய்மார்களே.

வருகிற ஆவணியில் இதே மேடையில் ஒரு கல்யாணம். நம் தலைவியின் மகள் அபிநயாவுக்கு. பள்ளி ஆண்டு விழாவுக்கு அந்தக் குழந்தையின் கண்ணில் முதன்முதலாக மை தீட்டியது இந்தக் கை. போன வாரம் கஸ்தூரி கடைக்கு வந்தாள். "பச்ச, கண்ணு நீதான் போடணும். கடையிலயே முடிச்சு அனுப்பிடு. மண்டபத்துல டச்சப்புக்கு நான் ஆளு வெச்சிக்கறேன்" என்றாள். நானும் சரியென்றேன்.

கஸ்தூரி, ஊர் கேட்கட்டும் என்றே கேட்கிறேன். கடைக்குள் பொட்டு வைத்தால் ஆகும் கை, கதவைத் தாண்டினால் ஆகாதா? அதே கை, அதே விரல், அதே அரை அரிசி! கடையில் மங்கலமாக இருந்தது மண்டபத்துக்கு வருவதற்குள் எங்கே இறங்கிப் போனது? இரண்டு கிலோமீட்டரில் கெட்டுப்போகிற கையா இது? காய்ச்சாத பால்கூட அவ்வளவு தூரம் தாங்குமே!

மணவறையில் இடம் கேட்கவில்லை. மாலை மரியாதை கேட்கவில்லை. அபிநயா ஏறிப் போகும் காரில், பின் சீட்டில், பெட்டியை மடியில் வைத்துக்கொள்ள ஓர் இடம். அவ்வளவுதான்.

கைதட்டாதீர்கள். தலைவி குனிந்துகொண்டாள். ஏய் கஸ்தூரி, தலையைத் தூக்கு. ஐயோ, மை கன்னத்துக்கு வந்துவிட்டதே! சங்கத்துக்குத் தலைவி, இமையில் பிரைமர் போடாமல் வந்திருக்கிறாளே! கொஞ்சம் பொறுங்கள், மைக்கை வைத்துவிட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். துடைத்து, தட்டி, சரி செய்துவிட்டேன். எட்டு வருடத்துக்குப் பிறகு இந்த மேடையில் ஒரு டச்சப். மேற்கூரையைப் பாருங்கள், விழுந்துவிட்டதா? விளக்கைப் பாருங்கள், அணைந்துவிட்டதா? இவள் முகத்தை விலக்கவில்லை. நீங்களே பார்த்தீர்கள்.

பதிலை இங்கே சொல்ல வேண்டாம் கஸ்தூரி. உனக்குச் சம்பந்தி வீடு இருக்கிறது, சொந்தபந்தம் இருக்கிறது, எனக்குத் தெரியாதா? அன்று காலை கார் என் கடை வாசலுக்கு வரும். பின் கதவு திறந்திருந்தால் ஏறிக்கொள்கிறேன். மூடியிருந்தால் உன்மேல் கோபம் இல்லை. அபிநயாவின் இமையில் பிரைமர் காய, ஒரு நிமிடத்துக்குப் பதில் இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்வேன்.

பத்து நிமிடம் கிடைத்தவளுக்குப் பதினைந்து நிமிடம் காது கொடுத்த உங்களுக்கு நன்றி. வீட்டுக்குப் போய்க் கண்ணைக் கழுவிவிட்டுத் தூங்குங்கள், மேக்கப்போடு படுக்காதீர்கள். மலையடிவாரத்து மக்கள் அத்தனை பேருக்கும், மூடிய அந்தக் கதவுக்கும் சேர்த்து, பச்சையம்மாளின் வணக்கம்!