ஞாயிறு நாலரைக்கு மட்டும்

“மூண்டு தரம் வந்திட்டீர் தம்பி. மூண்டு தரமும் லைன் நல்லாத்தான் இருக்கெண்டிட்டுப் போறீர். என்ரை பிள்ளை கதைக்கேக்கை மட்டும் ஏன் கட்டாகுது?” பக்கத்து வீட்டுக் கனகாம்பிகை என் விறாந்தையில் நின்று கத்தினாள்.

“அயல்வீட்டு வைஃபையிலை சுவிஸ் மாப்பிள்ளையோடை கதைச்சால் உப்பிடித்தான் அம்மா.” லைன் திருத்த வந்த சூசைதாசனும் குரலை உயர்த்தினார்.

இருவருக்கும் தேநீர் ஊற்றிக் கொடுத்தவள் நான்தான்.

லைன் என்னுடையது. எங்கள் ஒழுங்கைக்குள் போன் டேட்டா எடுக்காது என்பதால், பாஸ்வேர்டை அவளுடைய மகள் தயாளினிக்கு நானாகவே கொடுத்திருந்தேன். மதிலோரம் நின்றால்தான் அவளுக்குச் சிக்னல். மதிலுக்கு இந்தப் பக்கம் நான் சமைக்கும் குசினி. காதைப் பொத்தியிருக்கலாம், பொத்தவில்லை.

சூசைதாசன் வயரை மாற்றினார், ரவுட்டரை அலுமாரிக்கு மேல் ஏற்றினார். மற்ற நேரமெல்லாம் படம் ஓடியது, செய்தி போனது. ஞாயிறு நாலரைக்குச் சுவிஸிலிருந்து மாப்பிள்ளை பார்த்தீபன் அழைக்கும்போது மட்டும் நின்றது. பாவம், மனிதர் வயரில் பிழை தேடினார். ரவுட்டர் சுவிட்சை நிறுத்தியது நான். இரண்டு நிமிடத்தில் திரும்பப் போட்டும் விடுவேன். நான் கல்நெஞ்சுக்காரி இல்லை.

தயாளினிக்கு முப்பத்தாறு வயது. பொருந்தி வந்த ஒரே சம்பந்தம் அது. என்னைத் தெல்லிப்பழை ஆசுபத்திரிக்குக் கூட்டிப் போவதும், பின்னேரங்களில் என் ஊர்க்கதைகளைக் கேட்பதும் அவள்தான். அந்தக் குளிரில் பிள்ளை என்ன பாடுபடும் என்று யாராவது யோசிக்க வேண்டாமா?

கடைசி ஞாயிறு அவள் விம்மியபடி சொன்னாள்: “எனக்கு உங்களைக் கட்ட விருப்பமில்லை எண்டு ஆரோ சொல்லியிருக்கினம். அது பச்சைப் பொய்.”

தமிழில் ஒரு வசதி உண்டு. உண்மை வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். “விருப்பமில்லை” என்ற இடத்தில் சுவிட்சை நிறுத்தினேன். மிச்சத்தை மதில் கேட்டது, நான் கேட்டேன். கலியாணத் தரகரிடம் போய்ச் சொன்ன அந்த ‘ஆரோ’வும் நான்தான்.

பிறகு அவள் எத்தனை தரம் அழைத்தும் அவன் எடுக்கவில்லை. எழுதியதையும் பார்க்கவில்லை. இரண்டு கிழமை அவள் அந்த மதிலோரமே நின்றாள். நான் சுவிட்சைத் தொடவேயில்லை.

ஆவணியில் பார்த்தீபன் வட்டுக்கோட்டைப் பெண்ணொருத்தியைக் கட்டினான். தையில் தயாளினி வேலை மாற்றம் எடுத்து, தாயையும் கூட்டிக்கொண்டு மட்டக்களப்புக்குப் போனாள். வான் வந்து நின்றபோது என் வாசல் படலைக்கு வந்தாள். புறப்படும்போது ‘போட்டு வாறன்’ என்று சொல்வதுதானே எங்கள் வழக்கம். அவள் “போறன், மாமி” என்றாள்.

பயண அவசரத்தில் பிள்ளைக்கு வாய் தவறிவிட்டது.